பிவிசி மஞ்சளாகிறதா, கறுக்கிறதா, குமிழிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பிவிசி ரெசினை (மற்றப் பொருள்கள் சேர்க்காத மூலப் பொடி) கலவையாக்கி, எக்ஸ்ட்ரூடரின் சூடான உருளைக்குள் (பேரல்) ஸ்க்ரூவால் தள்ளி உருக்கி, முன்னால் இருக்கும் அச்சு (டை) வழியாகப் பைப்போ ஷீட்டோ ஆக்கும் இயந்திர வரிசையைத்தான் லைன் என்கிறேன். லைனில் லேசாக மஞ்சள் தட்டியதும் ஷிப்டில் இருக்கும் எல்லார் வாயிலும் வரும் முதல் பேச்சு, "இந்த ரெசின் சரியில்லை." நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு முறை இரண்டு நாள் ரெசின் கொடுத்தவரோடு சண்டை போட்டுவிட்டு மூன்றாம் நாள் டையைக் கழற்றினேன். அடாப்டரில் (டையைப் பேரலோடு இணைக்கும் துண்டு) இருந்த தெர்மோகப்பிள், அதாவது வெப்பம் அளக்கும் உணரி, தன் குழியை விட்டு வெளியே வந்து காற்றை அளந்துகொண்டிருந்தது. கண்ட்ரோலரில் 185 டிகிரி. உள்ளே எவ்வளவு இருந்ததோ, இரும்பே நிறம் மாறியிருந்தது. அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: காசு செலவில்லாததை முதலில் பார்ப்பது, ரெசினைக் கடைசியில் பார்ப்பது.

ரெசினில் குறையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. பிவிசி மூலக்கூறின் நீண்ட சங்கிலியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் குளோரின் சுலபத்தில் கழன்று வராது. கழல்வது கட்டமைப்பில் பிசகு இருக்கும் இடத்தில். கிளை பிரியும் முனையில் இருக்கும் குளோரின் ஒன்று. சங்கிலி நடுவே இரட்டைப் பிணைப்பை ஒட்டியிருக்கும் குளோரின் இன்னொன்று. முதல் வகை ஆயிரம் அலகுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். இரண்டாவது அதைவிடக் குறைவு. ஆனால் ஒன்று கழன்றால் அந்த இடத்தில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு வரும், அதனால் பக்கத்துக் குளோரினும் தளரும், அதுவும் போகும். ஜிப்பைப் பிடித்து இழுத்ததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டைப் பிணைப்புகள் ஏழெட்டு அடுத்தடுத்துச் சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு மஞ்சள் தெரியும். வரிசை நீள நீள ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சும்மா இருக்காது, மிச்சத்தையும் உசுப்பிவிடும். வேதியியல் இவ்வளவு போதும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டு கேள்விகள். நிறம் எப்போது தொடங்கியது? எப்போது முழுக்கக் கறுத்தது? முதலாவதைத் தொடக்க நிறம் என்றும், இரண்டாவதைத் தாங்கும் நேரம் என்றும் சொல்கிறேன். ஸ்டெபிலைசருக்கும் (சூட்டில் சிதையாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) இரண்டு வேலை: தளர்ந்த குளோரினை மாற்றி அந்த இடத்தை அடைப்பது, வெளியே வந்த ஹைட்ரஜன் குளோரைடு அமிலத்தைப் பிடித்து வைப்பது. முதல் வேலை தவறினால் தொடக்க நிறம் கெடும். இரண்டாவது தவறினால் தாங்கும் நேரம் குறையும். கீழே வரும் பல கிளைகள் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

## தொடங்கும் முன்

காரமான, மூக்கைப் பிடுங்கும் நெடியோ புகையோ வந்தால் டை முன்னால் குனிந்து பார்க்காதீர்கள். வெளிவருவது ஹைட்ரஜன் குளோரைடு. கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். எக்ஸாஸ்ட்டைப் போடுங்கள், ஹீட்டர்களைக் குறையுங்கள், ஆனால் ஸ்க்ரூவை நிறுத்தாதீர்கள். சூடான பேரலுக்குள் நின்றுபோன பிவிசி தானாகவே எரிந்துகொண்டு போகும். பர்ஜ் காம்பவுண்டைப் போட்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதுதான் முதல் வேலை. தள்ள முடியாத அளவுக்கு இறுகிவிட்டால் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஆட்களை அப்புறப்படுத்துங்கள். அதற்குமேல் அங்கே வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இன்னொன்று. அதே இயந்திரத்தில் அசிட்டால் பிளாஸ்டிக் ஓட்டியிருந்தால், அது முழுக்க வெளியேறாமல் பிவிசி போடக்கூடாது. பிவிசிக்குப் பிறகு அசிட்டாலும் அப்படியே. ஒன்றின் சிதைவு மற்றதைத் தூண்டும். உள்ளே அழுத்தம் ஏறி வெடித்துத் தள்ளும்.

## அறிகுறி 1: வெளிவரும்போதே முழுவதும் ஒரே சீரான மஞ்சள்

உண்மையிலேயே மஞ்சள்தானா என்று முதலில் பாருங்கள். நல்ல பேட்ச்சின் துண்டு ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ட்யூப்லைட் ஏமாற்றும். டைட்டானியம் டை ஆக்சைடு குறைந்திருந்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும். வெள்ளைச் சரக்கில் மஞ்சளை மறைக்க அல்ட்ராமரைன் நீலம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது அமிலத்தில் நிறம் இழக்கும் பொருள். அதனால் உள்ளே கொஞ்சம் அமிலம் வந்தாலும் நீலம் போய், மஞ்சள் இரு மடங்காகத் தெரியும். பல தடவை நீலத்தின் எடை தவறியதைச் சிதைவு என்று நினைத்து அலைந்திருக்கிறோம்.

அடுத்தது உருகலின் வெப்பம். கண்ட்ரோலர் காட்டுவது பேரல் இரும்பின் வெப்பம்தான். கையடக்க ஊசி வெப்பமானியை டை வாயில் வரும் உருகலில் குத்திப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜோனில் (தனித்தனியாகச் சூடாக்கும் பேரல் பகுதி) ஹீட்டர் அணைந்த நிலையிலும் வெப்பம் செட் பாயின்ட்டைத் தாண்டி நின்றால், அது ஸ்க்ரூ அரைப்பதால் வரும் சூடு. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சில நிமிடம் காத்திருங்கள்.

வேகம் குறைந்ததும் மஞ்சள் குறைந்தால்: உராய்வுச் சூடுதான். கூலிங் ஃபேன் ஓடுகிறதா, ஸ்க்ரூவுக்குள் எண்ணெய் சுற்றுகிறதா, வெளிப்புற லூப்ரிகன்ட் (சரக்கு இரும்பில் ஒட்டாமல் வழுக்கச் செய்யும் பொருள்) போதுமான அளவு போனதா என்று பாருங்கள்.

வேகம் குறைந்ததும் மஞ்சள் கூடினால்: சரக்கு உள்ளே அதிக நேரம் நிற்கிறது. ஜோன் வெப்பங்களைக் குறைத்துப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் ஸ்க்ரூவுக்கும் பேரலுக்கும் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். சரக்கு பின்னால் வழிந்து மறுபடி மறுபடி சூடு வாங்கும். அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

இரண்டிலும் மாற்றமில்லையென்றால்: எக்ஸ்ட்ரூடரை விடுங்கள், ரெசினோடு மற்றப் பொருள்களைக் கலக்கும் மிக்சருக்குப் போங்கள்.

மிக்சரில் என்ன கெடும்? ஹாட் மிக்சரிலிருந்து 115, 120 டிகிரிக்குள் இறக்குகிறோம். மிக்சரின் தெர்மோகப்பிள் மேல் பொடி படிந்து ஓடாகிப்போயிருந்தால் அது பின்தங்கிக் காட்டும், சரக்கு அதற்குள் 130 ஆகியிருக்கும். கூலரிலிருந்து 45 டிகிரிக்கு வராமல் அவசரத்தில் இறக்கினால் இன்னும் மோசம். சூடான பொடி சைலோவில் நடுக்கட்டியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆறாது. கையைப் பொடிக்குள் விட்டால் தெரிந்துவிடும். இப்படி முன்கூட்டியே வாங்கிய சூடு எங்கேயும் பதிவாகாது, ஆனால் ஸ்டெபிலைசர் அந்த அளவுக்குச் செலவாகியிருக்கும்.

பிறகுதான் ஸ்டெபிலைசர் கணக்கு. நூறு பங்கு ரெசினுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் எழுதியதை, மொத்தக் கலவைக்கு எத்தனை சதவீதம் என்று படித்துப் போட்ட பிழைகளை நான் மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். மூட்டையைத் திறந்து வைத்து ஈரம் வாங்கியிருக்கிறதா, ஃபில்லர் (நிரப்புத் தூள்) அளவை யாராவது "கொஞ்சம்" கூட்டினார்களா என்பதையும் கேளுங்கள். மிரட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் அறிகுறி 8-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: ஒரே இடத்தில் நீளக் கோடு, மஞ்சளோ பழுப்போ

இதற்கும் ரெசினுக்கும் சம்பந்தமில்லை. ரெசின் கெட்டிருந்தால் எல்லா இடமும் கெடும். ஓர் இடம் மட்டும் கெட்டால் அந்த இடத்தில் இரும்பில் ஏதோ இருக்கிறது.

பைப் என்றால் கோடு கடிகார முள் மாதிரி எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்தும் அதே இடம் என்றால் டைக்குள் சரக்கு தேங்குகிறது. ஸ்பைடர் கால்கள் (டையின் நடு உருளையைத் தாங்கும் கால்கள்), டார்பிடோ முனை (அந்த நடு உருளையின் கூர்முனை), டையும் அடாப்டரும் சேரும் விளிம்பு இவையே வழக்கமான இடங்கள். கோடு நகர்ந்துகொண்டே இருந்தால் ஸ்க்ரூ முனையில் கரி ஒட்டியிருக்கும்.

கழற்றும் முன் அந்த இடத்துக்கு நேரே இருக்கும் பேண்ட் ஹீட்டரைப் பாருங்கள். ஒரு பாதி எரிந்துபோனால் கண்ட்ரோலர் மறுபாதியை ஓயாமல் ஓட்டும், அந்தப் பக்கம் மட்டும் வறுபடும். ஹீட்டர் இழுக்கும் ஆம்பியரை கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. தெர்மோகப்பிள் குழிக்குள் அடிவரை இறங்கியிருக்கிறதா என்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள்; என் கதை தெரியுமே.

கழற்றினால் பித்தளை அல்லது செம்புச் சுரண்டிதான். ஸ்டீல் பிளேடால் சுரண்டினால் குரோம் பூச்சு கிழியும். பூச்சு போன இடத்தில் அமிலம் இரும்பைத் தின்று இரும்புக் குளோரைடாக்கும். அதுவே சிதைவைத் தூண்டும் பொருள். ஒரு கீறலில் தொடங்கி வாரத்துக்கு ஒரு முறை டை கழற்றும் நிலைக்கு வந்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சுத்தம் செய்து மாட்டிய பிறகு அதே இடத்தில் கோடு திரும்ப வந்தால், அல்லது குரோம் உரிந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால். மறு பூச்சும் பாலிஷும் டை வேலை தெரிந்தவர் கையில்தான்.

## அறிகுறி 3: ஆங்காங்கே கரும்புள்ளி

புள்ளியை வெட்டி எடுத்து லென்ஸில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்புத் தூள், கிரைண்டர் பிளேடிலிருந்து வந்திருக்கலாம். நார் நாராக இருந்தால் காகித மூட்டை. கண்ணாடிபோல் பளபளத்து நொறுங்கினால் எரிந்த பிவிசி: எங்கோ தேங்கியிருந்த கரி அவ்வப்போது உதிர்கிறது. அறிகுறி 2-ல் சொன்னதைச் செய்யுங்கள்.

ரெசினிலேயே வரும் புள்ளியும் உண்டு. ரெசின் தொழிற்சாலையில் பாலிமரைசேஷன் (சிறு மூலக்கூறான மோனோமரைச் சங்கிலியாகக் கோக்கும் வினை) நடக்கும் கொப்பரையின் சுவரில் ஒட்டிக்கொண்ட ஏடு அடுத்த பேட்ச்சுகளிலும் சூடுபட்டுப் பழுப்பாகி உதிர்ந்து மூட்டைக்கு வரும். கண்டுபிடிப்பது சுலபம். புது மூட்டையிலிருந்து ஒரு கை ரெசினை வெள்ளைத் தாளில் ஒரே தடிமனாகப் பரப்பி, நிறம் மாறிய துகள்களை எண்ணுங்கள். ஐந்து மூட்டைகளில் எண்ணி எழுதி வைத்தால் புகார் கொடுக்கும்போது பேச்சு எடுபடும்.

## அறிகுறி 4: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று மொத்தமும் கறுத்தது

கால்சியம் துத்தநாக ஸ்டெபிலைசர் ஓட்டுபவர்கள் இதை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். மஞ்சள், பழுப்பு என்று முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. வெள்ளையாக இருந்தது அடுத்த நிமிடம் தார் மாதிரி வரும். துத்தநாக எரிவு என்பது இதற்குப் பெயர்.

துத்தநாகம் தளர்ந்த குளோரினை அடைப்பதில் கெட்டிக்காரன், அதனால் தொடக்க நிறம் அழகாக இருக்கும். ஆனால் அந்த வேலையில் அது துத்தநாகக் குளோரைடாக மாறிவிடும். இது ஸ்டெபிலைசருக்கு நேர் எதிரி. குளோரைடைக் கால்சியம் வாங்கிக்கொள்ளும் வரைக்கும் பிரச்சினையில்லை. கால்சியம் தீர்ந்ததும் கதை முடிந்தது.

முதலில் கேட்க வேண்டியது: லைன் நின்றதா? டின்னர் நேரம், மின்தடை, புல்லர் (பைப்பை இழுக்கும் இயந்திரம்) கழன்றது, எதுவானாலும் சரி. நின்றிருந்தால் அதுவே போதுமான காரணம். பர்ஜ் செய்துவிட்டுத் தொடருங்கள்.

நிற்கவில்லையென்றால் மூட்டை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் ஸ்டியரேட்டும் துத்தநாக ஸ்டியரேட்டும் ஒரே மாதிரி வழுவழுப்பான வெள்ளைப் பொடி. எடை போடும் இடத்தில் லேபிள் கிழிந்த மூட்டை இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். லூப்ரிகன்ட் பக்கமாகத் துத்தநாகம் கூடுதலாக வந்துவிட்டால் கால்சியத்தின் கணக்கு உடைந்துவிடும். பல லைன்களுக்கு ஒரே மிக்சர் என்றால் முந்தின பேட்ச்சின் மிச்சமும் இதைச் செய்யும். வெள்ளீய ஸ்டெபிலைசர் ஓடும் லைனில் துத்தநாகம் கலந்தாலும் தாங்கும் நேரம் விழும்.

மூட்டையும் சரி, எடையும் சரி என்றால் ஓவன் பார்க்க வேண்டும் (முறை அறிகுறி 8-ல் இருக்கிறது). வெள்ளை, வெள்ளை, வெள்ளை, பிறகு ஒரே தாவலில் கறுப்பு என்று வந்தால் துத்தநாக எரிவு உறுதி. ஸ்டெபிலைசர் கொடுப்பவரிடம் துத்தநாகக் குளோரைடையும் அமிலத்தையும் கட்டிப்போடும் பாலியால் அல்லது ஹைட்ரோடால்சைட் கூடுதலாக இருக்கும் கிரேடைக் கேளுங்கள். அளவை மட்டும் கண்மூடித்தனமாகக் கூட்டாதீர்கள். துத்தநாகமும் சேர்ந்தே கூடும்.

## அறிகுறி 5: சூடே அதிகமில்லை, ஆனால் சாம்பல் அல்லது கறுப்புக் கறை

ஈயமும் கந்தகமும் சந்தித்திருக்கின்றன. ஈய ஸ்டெபிலைசர் போட்ட பழைய சரக்கின் ரீகிரைண்ட் (அரைத்துத் திரும்பப் போடும் சரக்கு), கந்தகம் உள்ள வெள்ளீய மெர்காப்டைடு ஓடும் லைனுக்கு வந்தால் கறுப்பு ஈய சல்ஃபைடு உருவாகும். இது சிதைவே இல்லை, கறைதான். வெப்பத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக் களைத்துப் போவீர்கள். ரீகிரைண்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், தானே தெளியும். ரீகிரைண்ட் மூட்டைகளை ஸ்டெபிலைசர் வகைப்படி பிரித்து வைப்பது ஒன்றே வழி.

## அறிகுறி 6: குமிழி

குமிழி என்றால் ஈரமா, காற்றா, அமிலமா? நீல லிட்மஸ் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து வென்ட் (பேரலிலிருந்து வாயு வெளியேறும் துளை) வாயில் காட்டுங்கள். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் நீலமாகவே இருந்தால்: ஈரம் அல்லது அடைபட்ட காற்று. வாக்குவம் பம்ப் இழுக்கிறதா, வென்ட்டில் பொடி அடைத்திருக்கிறதா, ஃபில்லர் மூட்டை மழை நாளில் திறந்து கிடந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் வென்ட்தான்.

உடனே சிவந்தால்: அமிலம் வருகிறது. குமிழிக்கும் அளவுக்கு வாயு வருகிறதென்றால் நிறமும் மாறியிருக்க வேண்டும். கருநிறச் சரக்கில்தான் ஏமாறுவோம். கார்பன் பிளாக் எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். அதனால் கறுப்புச் சரக்கு ஓடும் லைனில் லிட்மஸை வாரம் ஒரு முறை வழக்கமாகவே பார்ப்பது நல்லது. டை, காலிப்ரேட்டர் பக்கம் புதிதாகத் துரு தெரிந்தாலும் இதே அர்த்தம்தான்.

## அறிகுறி 7: மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறுகிறது, சரக்கு நொறுங்குகிறது

இதில் இரண்டு எதிரெதிரான காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். சரக்கு சரியாக வேகாமல் (துகள்கள் உருகி ஒன்றாகச் சேராமல்) இருந்தாலும் நொறுங்கும், அளவுக்கு மீறி வெந்து சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டாலும் நொறுங்கும். ஒன்றுக்குச் சூட்டைக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும். தெரியாமல் திருப்பினால் நிலைமை மோசமாகும்.

வெள்ளை அல்லது வெளிர் நிறச் சரக்கு என்றால் நிறமே வழிகாட்டும். மஞ்சளோடு நொறுங்கினால் அதிகமாக வெந்தது. சந்தேகமாக இருந்தால் ஒரு சீவலை டெட்ராஹைட்ரோஃபியூரானில் இரவு முழுக்க மூடிய பாட்டிலில் ஊற வையுங்கள். தீப்பொறி பக்கத்தில் இருக்கக்கூடாது, காற்றோட்டம் வேண்டும். பின்னாத பிவிசி கரைந்து ஃபில்லர் மட்டும் அடியில் தங்கும். பின்னிய சரக்கு கரையாது, உப்பி ஜெல்லி மாதிரி மிதக்கும். சரியாக வேகாததைக் கண்டுபிடிக்க, சாய்வாகச் சீவிய துண்டை மெத்திலீன் குளோரைடில் முக்கும் வழக்கமான சோதனை இருக்கிறது. வேகாத இடம் வெள்ளையாகப் பூத்து உதிரும். இரண்டு திரவத்துக்கும் கையுறையும் புகைக்கூண்டும் கட்டாயம். அவை இல்லாத இடமென்றால் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 8: புது ரெசின் பேட்ச் போட்ட நாளிலிருந்து மட்டும் மஞ்சள்

இப்போது ரெசினைச் சந்தேகிக்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டும். ஒரே மூச்சில், ஒரே கையால் செய்த ஒப்பீடு இல்லாமல் எதையும் பேசாதீர்கள்.

பழைய பேட்ச் ரெசின் ஒரு கிலோ எப்போதும் மூடி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே ஸ்டெபிலைசர் மூட்டை, ஒரே எடை, ஒரே நாள். பழையதையும் புதியதையும் இரட்டை உருளை மில்லில் ஒரே நேரம், ஒரே வெப்பத்தில் ஷீட்டாக எடுங்கள். சிறு சதுரங்களாக வெட்டி 190 டிகிரி ஓவனில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டு வெளியே எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். ஓவனுக்குள் ஒரு மூலை மற்றொன்றைவிடச் சூடாக இருக்கும். இரண்டு ரெசினின் துண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 305 சொல்வதும் ஏறக்குறைய இதே நிறமாற்ற முறைதான். மில் இல்லாதவர்கள் ஐஎஸ்ஓ 182 தொகுதியில் உள்ள காங்கோ சிவப்பு முறையைப் பார்க்கலாம்: குழாயில் தூளைச் சூடாக்கி, மேலே தொங்கும் சிவப்புத் தாள் நீலமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணுவது. அது தாங்கும் நேரத்தைச் சொல்லும், தொடக்க நிறத்தைச் சொல்லாது.

அட்டையைப் படிப்பது இப்படி.

இரண்டு வரிசையும் ஒன்று போல இருந்தால்: ரெசின் நிரபராதி. அறிகுறி 1-க்குத் திரும்பி மிக்சரிலிருந்து மறுபடி பாருங்கள். வலிக்கும், ஆனால் பெரும்பாலான நாட்களில் இதுதான் வரும்.

முதல் சில துண்டுகளிலேயே புதியது மஞ்சளானால்: தளர்ந்த குளோரின் கூடுதலாக இருக்கும் ரெசின். காரணம் எதுவாக இருக்கும் என்பதைக் கேட்டால் பல சமயம் விடை எளிது: கே மதிப்பு (சங்கிலியின் நீளத்தைக் குறிக்கும் எண்) மாறியிருக்கும். கே 67 கேட்ட இடத்தில் கே 57 அல்லது 60 வந்திருக்கலாம். குறைந்த கே ரெசினை அதிக வெப்பத்தில் பாலிமரைஸ் செய்துதான் எடுப்பார்கள், அதனால் அதில் கிளைப் பிசகுகள் இயல்பாகவே கூடுதல். அது கள்ளச் சரக்கு இல்லை, வேறு வேலைக்கான சரக்கு. மூட்டையில் இருக்கும் கிரேடு எண்ணைப் படித்தாலே முடிந்துவிடும் விஷயம்.

கே மதிப்பு அதேதான் என்றால், பாலிமரைசேஷனைக் கடைசிவரை இழுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். கொப்பரையில் மோனோமர் தீர்ந்து அழுத்தம் விழுந்த பிறகும் வினையைத் தொடர்ந்தால், வளரும் சங்கிலிக்கு மோனோமர் கிடைக்காமல் அது தன்னையே திரும்பிக் கடிக்கும், பக்கத்துச் சங்கிலியைக் கடிக்கும். கிளைகளும் உள் இரட்டைப் பிணைப்புகளும் அங்கேதான் பெருகுகின்றன. மோனோமரில் கலந்த ஆக்சிஜனும் பிசகை விதைக்கும். இதை நீங்கள் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

உடனடி வைத்தியம் இருக்கிறது. பீட்டா டைகீட்டோன் சேர்ந்த ஸ்டெபிலைசர் தொடக்க நிறத்தைத் தூக்கிப் பிடிக்கும். எபாக்சி சோயா எண்ணெய் அமிலத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் விறைப்பான சரக்கில் அதிகம் போட்டால் மென்மையாகிவிடும். பேட்ச் தீரும்வரை இப்படி ஓட்டலாம்.

தொடக்கம் ஒன்றுபோல, ஆனால் புதியது சீக்கிரம் கறுத்தால்: ரெசினைவிட ஸ்டெபிலைசர் எடையை மறுபடி சந்தேகியுங்கள். இரண்டு கலவையையும் ஒரே ஆள் எடை போட்டாரா? ஆமாம் என்றால் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மூன்று முறை செய்தும் அட்டை ஒரே கதை சொன்னால். ரெசின் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆளிடம் அட்டை, மூட்டையின் பேட்ச் எண், திறக்காத மாதிரி மூன்றையும் கொடுங்கள். கிளைகளை எண்ணுவதற்குக் கார்பன் 13 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வு இருக்கிறது. அதற்கு முன் குளோரினை எல்லாம் எடுத்துவிட்டு ஹைட்ரஜன் வைக்க வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும். பெரிய அளவு சரக்கு திரும்பப் போகும் வழக்கு இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். என் அனுபவத்தில் அட்டையே போதும். நேர்மையான ஆள் என்றால் அதைப் பார்த்ததும் வாதாட மாட்டார்.

## அறிகுறி 9: ரீகிரைண்ட் சேர்த்தால் மட்டும் மஞ்சள்

ஒரு முறை ஓடிய சரக்கில் ஸ்டெபிலைசர் பாதி செலவாகியிருக்கும். கூடவே, ஜிப் பாதி திறந்து நின்ற இடம் ஒவ்வொன்றிலும் இரட்டைப் பிணைப்பை ஒட்டிய ஒரு குளோரின் காத்திருக்கும். புது ரெசினில் இல்லாத பிசகுகளை நாமே உண்டாக்கி உள்ளே திருப்பி அனுப்புகிறோம்.

அதனால் ரீகிரைண்ட் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். தெளிந்தால், ரீகிரைண்ட் பங்குக்கும் கொஞ்சம் புது ஸ்டெபிலைசர் கொடுங்கள். பர்ஜில் வந்த பழுப்புக் கட்டிகளை அரைத்துச் சேர்ப்பதை மட்டும் யாரும் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பிளேடு மழுங்கியிருந்தால் அரைக்கும்போதே சூடாகும். வெளிவரும் தூளைக் கையில் எடுத்தால் தெரியும்.

## அறிகுறி 10: பிவிசி இல்லை, அக்ரிலிக், நிறம் மாறவில்லை, ஆனால் குமிழியும் நெடியும்

அதே எக்ஸ்ட்ரூடர் அறையில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் ஓட்டுபவர்களுக்காக. இங்கே ஜிப் வேறு விதமாகத் திறக்கும். வெளிவருவது அமிலம் இல்லை, மோனோமரேதான். சங்கிலி நுனியிலிருந்து மணி மணியாகக் கழன்று போகும். அதனால்தான் மஞ்சள் வராமல் எடை மட்டும் குறைகிறது, பழவாசனை கலந்த காட்டமான நெடி அடிக்கிறது.

முதல் சந்தேகம் ஈரம். 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு ஓட்டினால் குமிழி போய்விட்டதென்றால் அத்தோடு முடிந்தது. நெடி தொடர்ந்தால் வெப்பத்தைப் பத்துப் பத்து டிகிரியாகக் குறையுங்கள். அதிலும் போகாவிட்டால் கிரேடு தவறு. வார்ப்பு ஷீட்டின் துண்டுகளை அரைத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதன் மூலக்கூறு எடை அதிகம், உருகி ஓடவே மறுக்கும், ஓட வைக்கக் கொடுக்கும் சூட்டில் சங்கிலி பிரியும். எக்ஸ்ட்ரூஷன் கிரேடில் மெத்தில் அக்ரிலேட் போன்ற இணை மோனோமர் கொஞ்சம் கோத்திருப்பார்கள்; கழன்றுகொண்டே வரும் ஜிப் அந்த மணியில் வந்து சிக்கி நிற்கும்.

அதற்குமேல் போக வேண்டுமானால் ஆய்வகத்தில் நைட்ரஜன் சூழலில் எடைக்குறைவு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். வரைபடத்தில் படிகள் தெரியும். தலையும் தலையும் மோதிச் சேர்ந்த பலவீன இணைப்புகள் முதலில் போகும், இரட்டைப் பிணைப்போடு முடிந்த நுனிகள் அடுத்து, நல்ல சங்கிலி 350 டிகிரி பக்கத்தில் கடைசியாக. முன் இரண்டு படிகளும் பெரிதாக இருக்கும் சரக்கை உங்கள் வெப்பத்தில் ஓட்ட முடியாது. ரிப்போர்ட்டை இணைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.